முதலில் ஒலிவாங்கி, பிறகு கேமரா: வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடி நடிக்க வருகிறவர்களுக்கு

பாடத் தெரியும், நடிக்கவும் ஆசை என்று வருகிற இளம்பெண்கள் என்னிடம் எடுத்தவுடன் கேட்பது, "அக்கா, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்பதைத்தான். அதற்கும் பதில் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் யாரையாவது பார்ப்பதற்கு முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் போனால், கதவு திறந்தாலும் உள்ளே காலூன்ற முடியாது. இரண்டு ஊடகங்களிலும் பல ஆண்டுகள் பாடியும் நடித்தும் நான் கற்றதில் முக்கியமானது இது: ஒலிவாங்கியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், கேமராவைப் பிறகு கற்கலாம். குரலால் ஒரு மனநிலையைக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு முகமும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. முகத்தை மட்டும் நம்பித் தொடங்கியவர்கள், கண்ணை மூடிக் கேட்கும் ஒரு தயாரிப்பாளர் முன்னால் தவித்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒருவருக்காகப் பாடுங்கள்

மேடையில் பாடிப் பழகியவர்களுக்கு ஸ்டுடியோவில் முதல் தடையாக வருவது அவர்களுடைய குரலின் வலிமைதான். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய தொண்டை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒலிவாங்கி முன்பும் அதே வேகத்தில் திறக்கிறது. கேட்பவர்களோ வீட்டில் தனியாக, வேலை செய்துகொண்டோ படுத்துக்கொண்டோ கேட்கிறார்கள். அவர்களுக்கு அது கச்சேரியாகக் கேட்பதில்லை, யாரோ பக்கத்தில் நின்று கத்துவதுபோல் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு வானொலியின் வயதுதான். 1920 ஜூன் 15 அன்று இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில், மார்க்கோனி நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா பாடினார். வானொலியின் தொடக்க காலத்தில் மிகவும் பேசப்பட்ட நிகழ்ச்சி அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெரிய ஆபரா (மேற்கத்திய இசைநாடக) அரங்குகளை நிரப்பிய குரல் அவருடையது. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வானொலி வளர்த்துவிட்ட பாடகர்களில் பலர் வேறு வகையினர். 1925 முதல் இசைத்தட்டுப் பதிவும் ஒலிவாங்கி வழியாக நடக்கத் தொடங்கியது. மூச்சு, தயக்கம், சொல்லின் ஓரத்தில் வரும் லேசான நடுக்கம் எல்லாமே கேட்பவர் காதுவரை சென்றன. பாட்டைப் பேச்சுபோல் பாடக் கூடியவர்கள் மேலே வந்தார்கள். பாடகியும் நடிகையும் ஒரே ஆளாக ஆனது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் உங்களுக்கு நெருக்கமான ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் பல்லவியை முதலில் வசனமாக அவரிடம் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் குரல் தாழ்கிறது, எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு அதே தாழ்வையும் நிறுத்தத்தையும் விடாமல் பாடுங்கள். இரண்டையும் கைபேசியில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் பாடிய நினைவு காதை மறைத்துவிடும். வசனத்தில் இருந்த பொருள் பாட்டில் காணாமல் போயிருந்தால் மறுபடியும் செய்யுங்கள். இதற்கு ஒரு மாதம் ஒதுக்கினாலும் வீண் இல்லை.

அடுத்தது தூரம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இருக்கட்டும். தூரம் பாதியானால் ஒலியின் அளவு சுமார் 6 டெசிபல் கூடுகிறது. சாணளவு இருக்கும்போது நான்கு விரல் முன்னால் சாய்ந்தாலே ஒலிப்பதிவாளரின் கை திருகியைத் தேடும். ஒரு பக்க ஒலியை மட்டும் வாங்கும் ஒலிவாங்கியில் இன்னொரு விஷயமும் உண்டு. நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ப்பகுதி தடிக்கும். தாலாட்டுக்கும் ரகசியத்துக்கும் அந்தத் தடிப்பு அழகு, வேகமான பாட்டில் சொற்களைச் சேறாக்கிவிடும். மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் அரையடி பின்வாங்கவோ முகத்தை இலேசாகத் திருப்பவோ உடம்பைப் பழக்குங்கள். எந்த இடத்தில் பின்வாங்க வேண்டும் என்பதைப் பாட்டுத் தாளிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.

"ப" எழுத்தில் வெடிக்கும் காற்றைப் பார்க்க ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும். அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு "பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் துள்ளினால், அந்தக் காற்று ஒலிவாங்கியின் மேல் பட்டு "தொம்" என்று விழும். ஒலிவாங்கியின் நேர்முகத்தில் பாடாமல் அதன் கன்னத்தைக் கடந்து பாடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன்னால் வைக்கும் வலைத்தட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சீறும் "ஸ" ஓசைக்கு வலை உதவாது. நாக்கின் நுனியை மேல்வரிசைப் பல்லிலிருந்து மயிரிழை விலக்கிப் பழகுவதுதான் வழி.

தாளும் பேசும்

வானொலி நாடகத்தைப் பலர் நடிப்பின் சிறிய வடிவமாக நினைக்கிறார்கள். எனக்கு அது மிகக் கடினமான பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. உடையில்லை, ஒளியில்லை, முகமில்லை. ஒரு பெண் கதவைத் திறந்து உள்ளே வந்து, எதிரே இருப்பவரைப் பார்த்துத் திகைக்கிறாள் என்பதை மூச்சாலும் தூரத்தாலும் மட்டுமே காட்ட வேண்டும். கதவருகே இருப்பதைக் காட்ட ஒலிவாங்கியின் பக்கவாட்டிலிருந்து, அது சரியாக வாங்காத கோணத்தில் பேச்சைத் தொடங்கி, இரண்டு அடி வைத்து நேர்முகத்துக்கு வருகிறோம். கேட்பவர் மனத்தில் ஓர் அறையே விரிகிறது.

என் முதல் நாடகப் பதிவை இங்கே சொல்ல வேண்டும். மகனைத் தேடி இரவில் அலையும் தாய் வேடம். வசனத்தை மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அழுகை வரும் இடத்தில் உண்மையாகவே கண் நிறைந்தது. காட்சி முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் பாராட்டவில்லை. மூத்த ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தி, "அம்மா, தாள் பேசுகிறது" என்றார். பதிவைப் போட்டுக் காட்டினார். "எங்கே போனாயடா" என்று நான் உடைந்த அதே நொடியில், இரண்டாம் பக்கத்தைத் திருப்பிய சரசரப்பு காய்ந்த சருகை மிதித்ததுபோல் கேட்டது. என் விரல் நடுங்கியதில் தாளும் நடுங்கியிருந்தது. உணர்ச்சி முழுக்க என் உடம்பில் இருந்தது, கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்தது காகிதத்தின் ஓசை.

அன்றிலிருந்து பின்பற்றுவதை உங்களுக்கும் சொல்கிறேன். தாள்களைச் சேர்த்துத் தைக்காதீர்கள், தனித்தனியாக வையுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் திருப்பக் கூடாது, பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி மெத்தென்ற ஏதாவது ஒன்றின் மேல் வைக்க வேண்டும். பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடினால் அந்த வரியைக் கையால் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள். தாளை முகத்துக்கு நேரே, ஒலிவாங்கிக்குச் சற்று மேலே பிடியுங்கள். குனிந்து படித்தால் குரல் நெஞ்சிலேயே மடங்கிவிடும். மொடமொடக்கும் உடை, உரசும் நகை, பசித்த வயிறு எல்லாமே பதிவாகும். ஆகவே பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பு இலேசாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். 1940களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவின் பெரிய வானொலி வலையமைப்புகளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே நடந்தன. கிழக்குக் கரைக்கு ஒருமுறை பாடிவிட்டு, நேர வேறுபாடு காரணமாக மேற்குக் கரைக்கு அதே நிகழ்ச்சியைச் சில மணி நேரம் கழித்து மீண்டும் முழுதாகச் செய்தவர்கள் உண்டு. 1947இல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி தம் நிகழ்ச்சியைக் காந்த நாடாவில் பதிந்து ஒலிபரப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. வெட்டி ஒட்டும் வசதி இன்று எங்கும் இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது டேக்கிலேயே முடித்துக் கொடுப்பவரைத்தான் மறுபடி அழைக்கிறார்கள். ஸ்டுடியோவின் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவரின் செலவு.

மாதிரிப் பதிவும் குரல் தேர்வும்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் மூன்று வகை: வானொலி நிலையத்தில் இசையையும் நாடகத்தையும் கவனிக்கும் தயாரிப்பாளர்கள், டப்பிங் ஒருங்கிணைப்பாளர்கள், தொலைக்காட்சித் தொடர்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள். நிலையங்கள் குரல் தேர்வை முறையாக அறிவித்து நடத்துவதுண்டு. அந்த அறிவிப்பைத் தேடிப் பிடித்து விண்ணப்பிப்பதே நேர்வழி. யாராவது பணம் கேட்டு வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்றாலோ, வேலை நேரம் கடந்து தனியாக வந்து பார்க்கச் சொன்னாலோ அங்கே வேலை எதுவும் இல்லை என்று பொருள். தயங்காமல் விலகிவிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

மாதிரிப் பதிவு ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கேட்பவர் முதல் பத்து விநாடிகளில் முடிவெடுக்கிறார், எனவே உங்களுடைய சிறந்த குரல் முதல் வரியிலேயே இருக்கட்டும். முன்னிசையை வெட்டிவிடுங்கள். பாட்டுக்கு ஒரு பதிவு, வசனத்துக்கு ஒரு பதிவு, இரண்டையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள். வசனப் பதிவில் மூன்று குரல்கள் போதும்: உங்கள் இயல்பான பேச்சு, உங்களைவிட வயதான ஒருத்தி, கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் ஒருத்தி. பின்னணியில் இசை போட்டு அலங்கரிக்க வேண்டாம், எதிரொலியும் சேர்க்க வேண்டாம். தேர்வு செய்பவர் தேடுவது குரலைத்தான், அதன் மேல் பூசிய மெருகை அல்ல. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நின்று பதிந்தால் சாதாரண அறையின் எதிரொலி பெருமளவு அடங்கும்.

தேர்வு அறையில் சுருதி கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி, மேலே எதுவரை நிம்மதியாகப் போகும், கீழே எதுவரை சொல் தெளிவாக இருக்கும் என்பது விரல் நுனியில் இருக்கட்டும். முதல்முறை தேறாவிட்டால் மனம் உடையத்தான் செய்யும். எனக்கும் உடைந்தது. எதனால் தேறவில்லை என்று பணிவாகக் கேட்டேன். "சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குகிறீர்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உழைத்தேன்.

கேமரா முன்னால்

1936 நவம்பர் 2 அன்று லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அன்றைய நிகழ்ச்சியில் பாடியவர் அடெல் டிக்சன். அவர் பாடகி மட்டுமல்ல, நாடக நடிகையும்கூட. தொலைக்காட்சி தன் முதல் நாளிலேயே இரண்டும் தெரிந்த ஒரு பெண்ணைத்தான் அழைத்தது. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

வானொலியில் பழகியவருக்குக் கேமரா முன் வரும் தொல்லை, கை எங்கே வைப்பது என்பதுதான். ஒலிவாங்கி முன்னால் நாம் கண்ணை மூடுகிறோம், புருவத்தை நெரிக்கிறோம், கையால் தாளம் போடுகிறோம். குளோஸ்-அப்பில் நெற்றிச் சுருக்கம் ஒன்றே பாட்டின் பொருளை மாற்றிவிடும். ஆகவே கைபேசியை முகத்துக்கு நேரே நிறுத்தி, பாடுவதைப் படம் எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலியில்லாமல் பார்க்கும்போதும் இது சோகப் பாட்டா மகிழ்ச்சிப் பாட்டா என்று தெரிகிறதா? தெரிந்தால் போதும், அதற்கு மேல் முகத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

முன்பே பதிந்த பாட்டுக்கு வாயசைக்கும்போது உதட்டை மட்டும் அசைக்காதீர்கள். மெதுவாகவாவது உண்மையாகப் பாடுங்கள். கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்லாது. ஒலி காட்சியைவிட சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்குகிறார்கள். பின்தங்கினால் சுமார் 125 மில்லிவிநாடிவரை பொறுத்துக்கொள்கிறார்கள். தூரத்து ஓசை தாமதமாக வருவதற்கு நம் காது பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது, ஓசை முந்தி வருவதற்குப் பழகவில்லை. உங்கள் உதடு பாட்டுக்குப் பின்தங்கினால், பார்ப்பவருக்கு ஒலி முந்துவதாகத்தான் தெரியும். எனவே ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துக்கு முன்னால் மூச்சு எடுப்பதையும் அசலில் எடுத்த இடத்திலேயே எடுங்கள்.

மற்றவை படப்பிடிப்பில் தானாகப் பழகும்: தரையில் ஒட்டியிருக்கும் குறியில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்பது, முந்தைய ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் இருந்தது என்று நினைவு வைப்பது, நெருங்கிய கோடுகள் போட்ட துணி திரையில் அலையடிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது. காத்திருக்கும் பொறுமையைத்தான் நீங்களாகக் கொண்டுவர வேண்டும். காலையில் ஒப்பனை போட்டு, மாலையில் இரண்டு வரி பேசிய நாட்கள் எனக்கு எத்தனையோ.

குரல்நாண்

பெண்களின் சாதாரணப் பேச்சில் குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன, மேல் ஸ்தாயியில் பாடும்போது இரண்டு மடங்குக்கும் மேல். நாம் குடிக்கும் தண்ணீர் அவற்றைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. உடம்பு முழுக்க ஈரமான பிறகுதான் குரல்நாணுக்கும் ஈரம் சேரும். பதிவுக்குச் சற்று முன்பு ஒரு குவளை குடிப்பதால் பயனில்லை, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தொண்டையைக் கனைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு மிடறு விழுங்கினால் அதே வேலை நடக்கும். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்குகிறது. கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் வீட்டு மருத்துவத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கையெழுத்து

என்னுடைய தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்துக்காகச் சிறு பாட்டு ஒன்று பாடினேன். ஒரே பக்க ஒப்பந்தம். "எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்" என்ற வரியைப் படித்தும், அதன் எடையை உணராமல் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாட்டு பல ஆண்டுகள் ஒலித்தது. முதல் நாள் தந்த தொகைக்கு மேல் ஒரு காசும் வரவில்லை, வரும் என்று கேட்கவும் எனக்கு வழி இல்லை.

பாடகர், நடிகருக்குத் தம் நிகழ்த்துதலின் மேல் உரிமை உண்டு என்பதை உலக நாடுகள் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1961இல் ரோம் உடன்படிக்கை நிகழ்த்துகலைஞர்களுக்குச் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் காட்சிப் பதிவில் இடம்பெற ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும். அந்தக் குறையைச் சரிசெய்யும் பெய்ஜிங் உடன்படிக்கை 2012இல்தான் உருவானது, நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 28 அன்று. அதில் சேர்ந்த நாடுகளுக்கே அது பொருந்தும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கலைஞர் சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் இப்போது விரல் வைத்துப் பார்க்கும் வரிகள் இவை. எந்த ஊடகத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? மறுஒளிபரப்புக்குத் தனித் தொகை உண்டா? பெயர் எங்கே, எப்படி வரும்? எத்தனை நாளில் பணம்? அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: இந்தப் பதிவை வைத்துக் கணினியால் என் குரலை உருவாக்க அனுமதி கேட்கிறார்களா? 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு இருந்தது. அத்தகைய வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தனிச் சம்மதம், தனித் தொகை, குறிப்பிட்ட பயன்பாடு என்று எழுதி வாங்குங்கள். ஒருநாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பதில் தவறே இல்லை. நல்ல நிறுவனம் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

நீண்ட தூரம்

டைனா ஷோரின் வாழ்க்கையைத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வேன். 1916இல் பிறந்த அந்த அமெரிக்கப் பாடகி, 1930களின் இறுதியிலும் 1940களிலும் வானொலியில் பெயர் பெற்றார். 1951இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது கால் மணி நேர நிகழ்ச்சி. அதை வைத்துக்கொண்டே வளர்ந்து, 1956க்குப் பிறகு பெரிய இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். பாட்டுக்கான வரவேற்பு மாறிய 1970களில் விருந்தினர்களோடு உரையாடும் நிகழ்ச்சிகளுக்கு நகர்ந்தார். படங்களிலும் நடித்திருக்கிறார். ஆனால் அவரை நிலைக்க வைத்தது பார்ப்பவர் ஒருவரிடம் நேராகப் பேசுவதுபோன்ற அந்தக் குரல்தான் என்பது என் எண்ணம். அது வானொலியில் கற்றது.

ஆகவே முதல் பத்து ஆண்டுகளில் எந்த வேலையையும் சிறிதென்று தள்ளாதீர்கள். கூட்டுக்குரலில் பாடுவது, அறிவிப்பு, விளம்பரத்தில் ஒரு வரி, குழந்தைகள் நிகழ்ச்சியில் கிளியின் குரல், மற்றொரு நடிகைக்கு டப்பிங் எல்லாமே கணக்கில் சேரும். நான் முதல் தொலைக்காட்சி வேடம் வாங்கியதே, வேறொருத்திக்காகக் குரல் கொடுத்ததைக் கேட்ட இயக்குநர் ஒருவரால்தான்.

கடைசியாக ஒரு பழக்கம், இதை இன்றைக்கே தொடங்குங்கள். காட்சியைப் பதிந்துவைக்கும் ஒளிநாடா 1956இல் வந்தது. அதற்கு முந்தைய நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை ஒளிபரப்பானதோடு காற்றில் போய்விட்டன. அதன் பிறகும் நாடா விலை அதிகம் என்று அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். நிலையம் உங்களுக்காகப் பாதுகாக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நிகழ்ச்சியின் பெயர், பாட்டா வேடமா, சுருதி, எத்தனை நிமிடம், கூட இருந்த ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர், பேசிய தொகை, பணம் வந்த நாள். அனுமதி கேட்டு ஒரு பிரதியை வாங்கி, இரண்டு இடங்களில் வையுங்கள். என்னிடம் அப்படி நான்கு நோட்டுகள் இருக்கின்றன. முதல் நோட்டின் முதல் வரியில், தாயின் வேடம், பதினைந்து நிமிட நாடகம் என்ற குறிப்புக்குப் பக்கத்தில், "தாளைத் திருப்பாதே" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.